மனசு வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம்

உடற்பயிற்சி என்றாலே முகம் சுளிப்பவர்கள் சோம்பேறிகள் அல்லர். அவர்களுக்கு வேண்டியது இன்னொரு அறிவுரை அல்ல. ஒரு நேரம், ஒரு துணை, நடக்க ஓர் இடம், இவை போதும்.

புரட்டாசி பிறந்துவிட்டால் நாமக்கல் மாவட்டத்தின் சேந்தமங்கலம் வட்டாரமே நைனாமலையைப் பார்த்து நடக்கத் தொடங்கிவிடும். உச்சியில் வரதராஜப் பெருமாள் கோயில். மலை செங்குத்து, படிகள் ஆயிரக்கணக்கில். இளவட்டங்களுக்கே பாதி வழியில் மூச்சு வாங்கும். ஆனாலும் சனிக்கிழமைதோறும் விடிவதற்கு முன்பே கூட்டம் ஏறிக்கொண்டிருக்கும். பேரனின் தோளைப் பிடித்தபடி வரும் பாட்டி, முட்டிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு வரும் பெரியவர், வாரம் முழுக்கக் கடைக் கல்லாவை விட்டு எழாதவர், பண்ணையில் கணக்கு எழுதுபவர் என எல்லாரும் அந்தக் கூட்டத்தில் இருப்பார்கள். உட்கார்ந்து, எழுந்து, ‘கோவிந்தா’ சொல்லி, எப்படியோ உச்சிக்குப் போய்விடுவார்கள்.

மறு வாரம் அவர்களில் ஒருவரிடம், “டாக்டர் சொன்னபடி தினமும் அரை மணி நேரம் நடக்கிறீங்களா?” என்று கேட்டால் வரும் பதில்கள் எல்லா வீட்டிலும் ஒன்றுதான். “நேரம் எங்கீங்க இருக்குது?” “முட்டி ஒத்துழைக்க மாட்டேங்குதுங்க.” “ஒண்ணாந்தேதியிலிருந்து ஆரம்பிக்கலாம்னு இருக்கேனுங்க.”

இவர்கள் பொய் சொல்லவில்லை. சோம்பேறிகளும் இல்லை. மலை ஏறிய கால்கள்தாம் தெருக்கோடி வரை நடக்க மறுக்கின்றன. அப்படியென்றால் குறை காலில் இல்லை, மன உறுதியிலும் இல்லை. மலைக்குப் போகும்போது கூடவே இருக்கும் சில விஷயங்கள், டாக்டர் எழுதிக்கொடுக்கும் ‘தினசரி நடை’யில் இல்லை. அவை எவை, அவற்றை அன்றாட வாழ்க்கைக்குள் எப்படிக் கொண்டுவருவது என்பதுதான் இந்தக் கட்டுரை.

பிடிக்காமல் இருப்பது இயல்பே

முதலில் குற்ற உணர்ச்சியை இறக்கி வைத்துவிடலாம். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் மனித உடலின் பரிணாமத்தை ஆராயும் டேனியல் லீபர்மேன், 2020-இல் வெளியிட்ட ‘எக்சர்சைஸ்டு’ நூலில் இதை விரிவாகப் பேசுகிறார். மனித உடல் உழைக்கப் பழகியது. ஆனால் தேவையே இல்லாமல் உடற்பயிற்சி செய்யப் பழகியதல்ல என்கிறார். உணவு அரிதாக இருந்த காலத்தில் வீணாக ஓடியவர் பிழைத்திருக்க முடியாது. வேலை இல்லாதபோது உட்கார்ந்து சக்தியைச் சேமித்தவரே பிழைத்தார். மனிதர்கள் உடலை அசைத்தது இரண்டு காரணங்களுக்காக: அசைந்தே ஆகவேண்டும் என்ற கட்டாயம், அல்லது ஆட்டம், கூத்து போல அசைவதில் கிடைத்த இன்பம். இந்த இரண்டும் இல்லாத அசைவை உடம்பு தட்டிக்கழிக்கப் பார்ப்பது அதன் சுபாவம்.

நம் ஊர்ப் பாட்டிமார்கள் யாரும் உடற்பயிற்சி செய்தவர்கள் இல்லை. செய்யவேண்டிய தேவையும் அவர்களுக்கு இருந்ததில்லை. கவலை பூட்டித் தண்ணீர் இறைத்த காலம் அது. நெல்லும் கம்பும் உரலில் குத்தி, மாவை ஆட்டுக்கல்லில் ஆட்டி, குடத்தை இடுப்பில் சுமந்து, பேளுக்குறிச்சிச் சந்தைக்குக் கால்நடையாகவே போய்வந்தார்கள். கொல்லிமலைக்காரர்கள் விளைச்சலைத் தலையில் சுமந்து அடிவாரத்துக்கு இறங்கினார்கள், வாங்கிய சாமானோடு ஏறினார்கள். இன்று காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளில் பேருந்து ஏறிப்போகிறது.

அந்தப் பாடு ஒழிந்தது நல்லதே. மோட்டார் வந்தது, டிராக்டர் வந்தது. 2011-இல் தமிழக அரசு விலையில்லா மிக்சியும் கிரைண்டரும் கொடுக்கத் தொடங்கியபோது, அதுவரை வாங்க முடியாதிருந்த வீட்டுப் பெண்களின் தோள்களுக்கும் ஓய்வு கிடைத்தது. பழைய உழைப்பைத் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்று யாரும் கேட்க முடியாது, கேட்கவும் கூடாது. ஆனால் வேலையோடு வேலையாகத் தானே நடந்துகொண்டிருந்த அசைவு போய்விட்டது. அதை இப்போது நாமே தேடிப் பிடிக்க வேண்டியிருக்கிறது. மனித வரலாற்றில் இது புதிய கஷ்டம். நம் ஊரில் நமக்கு முன்னால் எந்தத் தலைமுறைக்கும் வராதது.

கிராமத்துக்காரருக்கு இது எதற்கு?

“தோட்டங்காட்டுல வேலை செய்யறவங்களுக்கு நடை எதுக்குங்க?” என்று கேட்பவர்கள் உண்டு. குச்சிக்கிழங்குக் காட்டில் நாள் முழுக்கக் குனிந்து நிமிர்பவருக்கு அந்தக் கேள்வி நியாயமானது. ஆனால் அப்படி உழைப்பவர்களின் எண்ணிக்கை நாம் நினைப்பதைவிடக் குறைந்துவிட்டது. தமிழ்நாடு, மகாராஷ்டிரம், ஜார்க்கண்ட், சண்டிகர் ஆகிய நான்கு இடங்களில் நடந்த, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) ‘இந்தியாப்’ (INDIAB) ஆய்வின் முடிவு 2014-இல் வெளிவந்தது. சென்னையைச் சேர்ந்த டாக்டர் ஆர்.எம். அஞ்சனா, டாக்டர் வி. மோகன் குழுவினர் நடத்திய ஆய்வு அது. போதிய உடலசைவு இல்லாதவர்கள் நகரத்தில் 65 சதவீதம். கிராமத்திலோ 50 சதவீதம். ஓய்வு நேரத்தில் விளையாட்டோ நடையோ மேற்கொண்டவர்கள் பத்து சதவீதத்துக்கும் குறைவு.

வேறு முறையில் எடுத்த இன்னொரு கணக்கும் இறங்குமுகத்தையே காட்டுகிறது. 2024-இல் ‘லான்செட் குளோபல் ஹெல்த்’ இதழில் வந்த உலகளாவிய கணக்கின்படி, போதிய உடலசைவு இல்லாத இந்தியப் பெரியவர்கள் 2000-இல் சுமார் 22 சதவீதம். 2022-இல் ஏறத்தாழ 49 சதவீதம். ஆண்களில் 42, பெண்களில் 57. சர்க்கரை நோயைப் பொறுத்தவரை, 2023-இல் வெளியான ‘இந்தியாப்’ ஆய்வு நாடு முழுவதும் 10 கோடியே 10 லட்சம் பேருக்கு அது இருப்பதாகவும், இன்னும் 13 கோடியே 60 லட்சம் பேர் அதன் வாசலில் நிற்பதாகவும் மதிப்பிட்டது.

இது பணக்காரர் நோய் என்ற எண்ணமும் இனி செல்லாது. சென்னையில் நடுத்தர வருவாய்க் குடியிருப்பு ஒன்றையும் குறைந்த வருவாய்க் குடியிருப்பு ஒன்றையும் பத்து ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள் டாக்டர் மோகன் குழுவினர். நடுத்தரக் குடியிருப்பில் சர்க்கரை நோய் 12.4 சதவீதத்திலிருந்து 15.4 ஆனது. ஏழைகளின் குடியிருப்பிலோ 6.5-இலிருந்து 15.3-க்குத் தாவியது. பத்தே ஆண்டில் ஏழையும் நடுத்தரக்காரரும் ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்துவிட்டார்கள்.

நாமக்கல் மாவட்டத்துக்குச் சோறு போடும் தொழில்களில் ஒன்று லாரி. லாரித் தொழிலில் உள்ள ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டிய ஆராய்ச்சி ஒன்று உண்டு. 1953-இல் ஜெர்ரி மாரிஸ் என்ற மருத்துவர் லண்டன் மாநகரின் மாடிப் பேருந்து ஊழியர்களைப் பற்றி ‘லான்செட்’ இதழில் எழுதினார். ஓட்டுநர் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பார். நடத்துநர் நாள் முழுக்க மாடிப்படி ஏறி இறங்கிக்கொண்டிருப்பார். இருவருக்கும் ஒரே நிறுவனம், ஒரே பேருந்து. ஆனால் இதய நோய் ஓட்டுநர்களுக்கே அதிகமாக வந்தது. நடத்துநர்களுக்கு வந்தாலும் தாமதமாகவும் வீரியம் குறைந்தும் வந்தது. உட்கார்ந்த வேலைக்கும் மாரடைப்புக்கும் உள்ள தொடர்பை உலகம் அறிவியல்பூர்வமாக அறிந்துகொண்டது அப்போதுதான். ஸ்டியரிங்கைப் பிடித்தபடி மாநிலம் மாநிலமாகப் போகும் நம் ஓட்டுநர்களுக்கு, சரக்கு ஏற்றவும் இறக்கவும் காத்திருக்கும் நேரத்தில் வண்டியைச் சுற்றி நடக்கும் நடைகூட மருந்துதான்.

அறிவுரை ஏன் பலிப்பதில்லை

இவ்வளவு கணக்கையும் படித்தபின் நீங்கள் நாளைக் காலையே எழுந்து நடந்துவிடுவீர்களா? பெரும்பாலோர் மாட்டார்கள். அதற்கும் ஆய்வு இருக்கிறது. 2002-இல் வெளிவந்த அந்த ஆய்வுக்காகப் பிரிட்டனில் சாரா மில்ன் உள்ளிட்ட உளவியலாளர்கள் 248 மாணவர்களை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். முதல் குழுவுக்கு எதுவும் சொல்லவில்லை. இரண்டாவது குழுவுக்கு உடற்பயிற்சி செய்யாவிட்டால் இதயத்துக்கு என்ன ஆகும் என்று எடுத்துச்சொல்லி ஊக்கம் கொடுத்தார்கள். மூன்றாவது குழுவுக்கு அதையும் சொல்லி, கூடவே ‘இந்த நாள், இந்த நேரம், இந்த இடத்தில் செய்வேன்’ என்று எழுதச் சொன்னார்கள். அடுத்த வாரத்தில் ஒருமுறையாவது உடற்பயிற்சி செய்தவர்கள் முதல் குழுவில் 38 சதவீதம். இரண்டாவது குழுவில் 35. மூன்றாவது குழுவிலோ 91.

இரண்டாவது எண்ணை நிதானமாகப் பாருங்கள். பயமுறுத்தலும் ஊக்கப் பேச்சும் கேட்டவர்கள், எதுவுமே கேட்காதவர்களைவிட ஒரு துளியும் அதிகம் அசையவில்லை. அவர்களுக்கு ஆசை வந்தது உண்மை. ஆனால் ஆசை காலுக்கு இறங்கவில்லை. வீட்டில் நாம் அப்பாவிடமும் அம்மாவிடமும் மாமாவிடமும் ஆண்டுக்கணக்காகச் செய்துகொண்டிருப்பது இந்த இரண்டாவது குழுவின் வேலையைத்தான். “சர்க்கரை ஏறிப்போச்சு, நடக்கக் கூடாதா?” என்ற புலம்பலால் இதுவரை எத்தனை பேர் நடந்திருக்கிறார்கள்?

உற்சாகம் முதலில் வரும், செயல் பிறகு வரும் என்று நம்புகிறோம். உடற்பயிற்சியைப் பிடிக்காதவர்கள் விஷயத்தில் அது தலைகீழ். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் மேத்யூ ரூபியும் எலிசபெத் டன்னும் மற்றவர்களும் சேர்ந்து இதைச் சோதித்துப் பார்த்து, 2011-இல் முடிவை வெளியிட்டார்கள். உடற்பயிற்சி எவ்வளவு பிடிக்கும் என்று முன்கூட்டிச் சொன்னதைவிட, செய்து முடித்தபின் மக்கள் அதிகமாகவே ரசித்திருந்தார்கள். காரணம், ஆரம்பத்தின் சில நிமிடச் சங்கடம்தான் மனசில் பெரிதாகத் தெரிகிறது. அதற்குப் பின் வரும் இதம் தெரிவதில்லை. எனவே செருப்பை மாட்டுவதற்கு முன் மனசைக் கேட்பதில் பயனில்லை. பத்து நிமிடம் நடந்தபின் கேளுங்கள்.

முதல் துணை: குறித்த நேரம்

நைனாமலைக்கு யாரும் ‘ஒரு நாள் போகலாம்’ என்று போவதில்லை. புரட்டாசி, சனிக்கிழமை, விடிகாலை என்று நாள் குறித்தாயிற்று. முடிவெடுக்கும் சுமை அங்கே இல்லை. அன்றாட நடைக்கும் அந்தக் குறிப்பு வேண்டும். ‘தினமும் நடப்பேன்’ என்பது ஆசை. ‘சாயங்காலம் பால் ஊற்றிவிட்டு வரும்போது சொசைட்டியிலிருந்து பள்ளிக்கூடம் வரை போய்த் திரும்புவேன்’ என்பது திட்டம். ஏற்கெனவே நாள் தவறாமல் செய்யும் ஒரு வேலையின் வாலில் நடையைக் கட்டிவிட்டால், அந்த வேலையே நடையை நினைவூட்டும்.

எத்தனை நாளில் பழகும்? லண்டனில் பிலிப்பா லாலி குழுவினர் 2010-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு புதிய செயல் தன்னிச்சையாக நடக்கும் அளவுக்குப் பழகச் சராசரி ஆளுக்கு 66 நாள் ஆனது. சிலருக்கு 18 நாள், சிலருக்கு 254 நாள் வரைகூடத் தேவைப்படும் என்று கணக்கிட்டார்கள். விரதத்துக்கு மண்டலக் கணக்கு வைத்திருக்கும் நமக்கு இது புரியாத விஷயம் அல்ல. ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு: இதில் ஒரு நாள் தவறினால் விரதம் கலைவதில்லை. இடையில் ஒரு நாள் விட்டவர்களுக்கும் பழக்கம் கெடவில்லை என்று அதே ஆய்வு சொல்கிறது. ஒரு நாள் விட்டதற்காக மொத்தத்தையும் கைவிடுபவர்கள்தாம் நம்மில் அதிகம். அவர்களுக்கு இதைவிட நல்ல செய்தி கிடையாது.

இரண்டாவது துணை: கூட வரும் ஆள்

தைப்பூசத்துக்குப் பின் எடப்பாடியிலிருந்து பழனிக்கு ஆயிரக்கணக்கானோர் காவடியோடு நடந்துபோவதை சேலம் ஜில்லா முழுக்க அறியும். அவ்வளவு தூரத்தைத் தனியாக நடக்கச் சொன்னால் எத்தனை பேர் கிளம்புவார்கள்? கூட்டம் நடக்கும்போது நின்றுவிட வெட்கமாக இருக்கிறது. நடப்பதோ பேச்சோடு பேச்சாக முடிந்துவிடுகிறது.

துணை என்பது பெரிய கூட்டமாக இருக்கவேண்டியதில்லை. ‘இன்னைக்கு வரலியா?’ என்று கேட்க ஓர் ஆள் போதும். அந்தக் கேள்வி தொலைபேசியில் வந்தாலும் வேலை செய்யும். சென்னையைச் சேர்ந்த டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர், சர்க்கரை நோயின் விளிம்பில் இருந்த 537 ஆண்களை இரண்டு ஆண்டுகள் கவனித்தார்கள். ஒரு பகுதியினருக்கு உணவு, நடை பற்றிய குறுஞ்செய்திகள் அவ்வப்போது போயின. மற்றவர்களுக்கு வழக்கமான அறிவுரை மட்டும். 2013-இல் வந்த முடிவு: செய்தி பெறாதவர்களில் 27 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய் வந்தது, செய்தி பெற்றவர்களில் 18 சதவீதம் பேருக்கே வந்தது. ஒரு சின்ன நினைவூட்டல் செய்த வேலை இது. காலையில் வாட்ஸ்அப்பில் ‘இனிய காலை வணக்கம்’ படம் அனுப்பும் குடும்பக் குழுக்கள், அதோடு ‘நான் நடந்துவிட்டேன், நீங்கள்?’ என்று ஒரு வரியும் அனுப்பலாம்.

மூன்றாவது துணை: நடையைத் தாண்டிய ஓர் ஈர்ப்பு

மலை ஏறுபவர் தொடைத் தசையை வலுப்படுத்த ஏறவில்லை. பெருமாளைப் பார்க்க ஏறுகிறார். உடல் நலம் என்பது தூரத்தில், எப்போதோ கிடைக்கப்போகும் கூலி. மனசுக்கு இன்றைக்கே கூலி வேண்டும். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் கேத்தரின் மில்க்மேன் 2014-இல் வெளிவந்த ஆய்வுக்காக இதை வைத்து ஒரு சோதனை நடத்தினார். விறுவிறுப்பான நாவல்களின் ஒலிப்பதிவை உடற்பயிற்சிக் கூடத்தில் மட்டுமே கேட்கலாம் என்று ஏற்பாடு செய்தார். தொடக்கத்தில் அந்தக் குழுவினர் மற்றவர்களைவிட 51 சதவீதம் அதிகமாகக் கூடத்துக்கு வந்தார்கள். ஆனால் இடையில் பண்டிகை விடுமுறை வந்தபின் அந்த வேகம் கரைந்துபோனது.

இதில் இரண்டு பாடம் இருக்கிறது. ஒன்று, உங்களுக்கு உயிரான ஒன்றை நடைக்கென்று ஒதுக்கி வையுங்கள். இளையராஜா பாட்டோ, கதை கேட்பதோ, வெளியூரில் இருக்கும் மகளோடு பேசுவதோ, அது நடக்கும்போது மட்டும்தான். தொலைக்காட்சித் தொடரை விட முடியாதவர்கள் அந்த நேரத்தில் நின்ற இடத்திலேயே கால் மாற்றி நடக்கலாம். இரண்டாவது பாடம், தீபாவளியும் பொங்கலும் மாரியம்மன் பண்டிகையும் பழக்கத்தை உடைக்கும் நாட்கள். உடைவது தோல்வி அல்ல. பண்டிகை முடிந்த மறுநாள் எத்தனை மணிக்கு மீண்டும் தொடங்குவது என்பதைப் பண்டிகைக்கு முன்பே முடிவு செய்துவிட வேண்டும். அவ்வளவுதான்.

மூச்சு முட்ட வேண்டாம்

உடற்பயிற்சியை வெறுப்பவர்களில் பலர் அதை முதல் நாளிலேயே வெறுக்கக் கற்றுக்கொண்டவர்கள். பள்ளி விளையாட்டு நேரத்தில் கடைசியாக ஓடி வந்தவர்கள். புதிதாக ஜிம்மில் சேர்ந்து மறுநாள் கை தூக்க முடியாமல் படுத்தவர்கள். மூச்சு முட்டும் அளவைத் தாண்டும்போது எவருக்கும் உடற்பயிற்சி துன்பமாகவே இருக்கும் என்பதை உளவியலாளர் பான்டலைமன் எக்கெகாகிஸ் பல ஆய்வுகளில் காட்டியிருக்கிறார். அளவு எளிது: நடந்துகொண்டே பேச முடிய வேண்டும்; பாட முடியாத அளவுக்கு மூச்சு வாங்கினால் போதும்.

பத்தாயிரம் அடி கணக்கும் உங்களை மிரட்ட வேண்டாம். 1964 டோக்கியோ ஒலிம்பிக்குக்கு அடுத்த ஆண்டு ஜப்பானிய நிறுவனம் ஒன்று விற்பனைக்கு விட்ட அடி எண்ணும் கருவியின் பெயரிலிருந்து பரவிய எண் அது. மருத்துவ ஆய்விலிருந்து பிறந்ததல்ல. உலக சுகாதார நிறுவனம் 2020-இல் சொல்வது, வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலசைவு, இரண்டு நாள் தசைக்கு வலுவூட்டும் பயிற்சி. ‘ஒரே மூச்சில் பத்து நிமிடமாவது செய்தால்தான் கணக்கு’ என்ற பழைய நிபந்தனையையும் அது எடுத்துவிட்டது. சாப்பிட்டபின் நடக்கும் ஐந்து நிமிடமும் கணக்கில் சேரும். அசையும் தசை இன்சுலினை எதிர்பார்க்காமலே ரத்தத்தின் சர்க்கரையை இழுத்துக்கொள்ளும் என்பதால், சாப்பாட்டுக்குப் பிந்தைய நடைக்குத் தனி மதிப்பு உண்டு.

எளிமையின் அருமையைத் தமிழகத்தில் ஆழமாக உணர்ந்தவர் வேதாத்திரி மகரிஷி. 1911-இல் கூடுவாஞ்சேரியில் நெசவாளர் குடும்பத்தில் பிறந்து, தானும் தறியில் உட்கார்ந்தவர். 1958-இல் உலக சமுதாய சேவா சங்கத்தைத் தொடங்கினார்; 1984-இல் ஆழியாறில் அறிவுத் திருக்கோயிலை உருவாக்கினார். அவர் வகுத்த எளிய முறை உடற்பயிற்சியில் கைப்பயிற்சி, கால்பயிற்சி, மூச்சுப்பயிற்சி, கண்பயிற்சி, மகராசனம், உடல் தேய்த்தல் என்று எல்லாமே வயதானவரும் செய்யக்கூடியவை. வேட்டி கட்டியவரும் சேலை கட்டியவரும் வீட்டுக் கூடத்தில் பாய் விரித்துச் செய்யலாம். கொங்குச் சீமையின் ஊர்களில் அவருடைய பயிற்சிகளைக் கற்பிக்கும் மனவளக்கலை மன்றங்கள் பரவியதற்கு அந்த எளிமை பெரிய காரணம். ஜிம் பிடிக்காது, ஓட்டம் பிடிக்காது என்பவர்களுக்கு இது நம் மண்ணிலேயே இருக்கும் கதவு.

பெண்கள் எங்கே நடப்பார்கள்?

போதிய உடலசைவு இல்லாத பெண்கள் 57 சதவீதம் என்ற எண்ணுக்குத் திரும்ப வேண்டும். காலையில் வாசல் தெளித்துக் கோலமிட்டு, சமைத்து, பிள்ளைகளை அனுப்பி, பிறகு பண்ணைக்கோ மில்லுக்கோ வேலைக்குப் போய் வரும் பெண்ணிடம் ‘நேரம் ஒதுக்குங்கள்’ என்பது எளிது. அவர் ஒதுக்க வேண்டிய நேரம் வீட்டில் உள்ள மற்றவர்களின் கையில் இருக்கிறது. காலை அரை மணி நேரம் அடுப்படியைக் கணவரோ மகனோ பார்த்துக்கொண்டால்தான் அவர் தெருவில் இறங்க முடியும். இறங்கினால் வெளிச்சமில்லாத சாலை, நாய், ‘காலங்காத்தால எங்க கிளம்பிட்டா?’ என்ற பார்வை. இரண்டு மூன்று பெண்கள் சேர்ந்து நடந்தால் இவற்றில் பாதி விலகும். மகளிர் சுயஉதவிக் குழுக்கள் தவறாமல் கூடிப் பணத்தைக் கணக்குப் பார்க்கின்றன. அதே குழு சேர்ந்து நடக்கத் தொடங்கினால், நேரம், துணை, ஈர்ப்பு மூன்றும் அங்கே ஏற்கெனவே தயாராக இருக்கின்றன.

இடம் கொடுத்தால் நடப்பார்கள்

இதுவரை சொன்னதெல்லாம் தனி ஆள் செய்யக்கூடியவை. ஆனால் ஆளை மட்டும் குறை சொல்லி முடித்தால் பாதி உண்மை விட்டுப்போகும். சென்னை திருமங்கலத்தில் உள்ள ஏசியாட் காலனியில் நடந்ததை ஒவ்வொரு பேரூராட்சியும் தெரிந்துகொள்ள வேண்டும். 1998-இல் அங்கே வாரத்தில் மூன்று முறைக்கு மேல் உடற்பயிற்சி செய்தவர்கள் 14.2 சதவீதம்தான். டாக்டர் மோகன் குழுவினர் அவர்களிடம் சர்க்கரை நோய் பற்றித் தொடர்ந்து பேசினார்கள். குடியிருப்போர் தங்கள் சொந்தப் பணத்தைத் திரட்டி, நடப்பதற்கென்று ஒரு பூங்காவை அமைத்துக்கொண்டார்கள். 2004-இல் மீண்டும் கணக்கெடுத்தபோது அந்த எண்ணிக்கை 58.7 சதவீதம். 2006-இல் இந்த முடிவு இந்திய மருத்துவர்கள் சங்க இதழில் வெளிவந்தது.

அந்த மக்களுக்குத் திடீரென்று மன உறுதி நான்கு மடங்கு வளரவில்லை. வாசலுக்குப் பக்கத்தில் ஓர் இடம் வந்தது, அங்கே அண்டை வீட்டுக்காரர் நடந்துகொண்டிருந்தார், அவ்வளவே. நடந்தால் என்ன கிடைக்கும் என்பதையும் சென்னையே காட்டியிருக்கிறது. டாக்டர் ராமச்சந்திரன் குழுவினர் 2006-இல் வெளியிட்ட இந்திய சர்க்கரை நோய்த் தடுப்புத் திட்ட ஆய்வில், விளிம்பில் இருந்த 531 பேர் பங்கேற்றார்கள். மூன்று ஆண்டில், சிறப்பு அறிவுரையும் மருந்தும் இல்லாத குழுவில் 55 சதவீதம் பேருக்கு நோய் வந்தது. உணவைத் திருத்திக்கொண்டு நடையும் மேற்கொண்ட குழுவில் 39.3 சதவீதம். மாத்திரை மட்டும் கொடுக்கப்பட்ட குழுவும் ஏறத்தாழ அதே அளவில்தான் நின்றது.

தமிழக அரசு 2023 நவம்பர் 4-இல் ‘நடப்போம் நலம் பெறுவோம்’ திட்டத்தைத் தொடங்கி, 38 மாவட்டங்களிலும் எட்டு கிலோமீட்டர் நடைபாதை ஒன்றை அடையாளம் கண்டது. நல்ல தொடக்கம். ஆனால் மாவட்டத்துக்கு ஒரு பாதை, சேந்தமங்கலத்துக்காரருக்கோ எருமப்பட்டிக்காரருக்கோ தினசரி எட்டும் தூரம் அல்ல. ஒவ்வொரு பேரூராட்சிக்கும் ஒரு சின்னப் பாதை வேண்டும். புதிதாக நிலம் வாங்க வேண்டியதுகூட இல்லை. பள்ளி மைதானத்தைக் காலை ஐந்தரையிலிருந்து ஏழு வரை திறந்துவிடலாம். ஏரிக்கரையைச் சீர்செய்து நான்கு விளக்குப் போடலாம். பெரியவர்கள் நடுவில் உட்கார இரண்டு சிமென்ட் பெஞ்சு, குடிக்கத் தண்ணீர், தெருநாய்களுக்கு ஒரு வழி. கிராமசபையிலும் வார்டு உறுப்பினரிடமும் சாலை, சாக்கடை கேட்பதுபோல இதையும் வாய் திறந்து கேட்க வேண்டும்.

தொடங்குபவர்களுக்கு ஐந்து வழிகள்

1. முதல் இரண்டு வாரம் பத்து நிமிடம் மட்டும். இன்னும் நடக்கலாம் என்று தோன்றும்போதே நிறுத்துங்கள். மறுநாள் வர மனசு இருக்கும்.

2. நேரத்தையும் இடத்தையும் காகிதத்தில் எழுதிக் காலண்டர் பக்கத்தில் ஒட்டுங்கள். மழை வந்தால் என்ன செய்வது என்பதையும் எழுதுங்கள்: திண்ணையில், கூடத்தில், மொட்டை மாடிப் படியில்.

3. முட்டி வலி இருப்பவர்கள் நாற்காலியில் உட்கார்ந்து கைகளை ஊன்றாமல் எழுந்து உட்காரும் பயிற்சியை மெதுவாகத் தொடங்கலாம். தொடைத் தசை வலுத்தால் முட்டியின் சுமை குறையும். வலி கூடினால் இயன்முறை மருத்துவரைப் பாருங்கள்.

4. எடையை மட்டும் அளவுகோலாக வைக்காதீர்கள். அது மெதுவாகத்தான் இறங்கும். இரவுத் தூக்கம், படியேறும்போது வாங்கும் மூச்சு, சாப்பிட்டபின் சர்க்கரை அளவு ஆகியவை முன்னதாகவே நல்ல சேதி சொல்லும்.

5. நடக்கும்போது நெஞ்சில் அழுத்தம், வழக்கத்துக்கு மாறான மூச்சுத் திணறல், தலைச்சுற்றல் வந்தால் உடனே நின்று மருத்துவ உதவி தேடுங்கள். இன்சுலின் போடுபவர்களும், பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்களும், இதய நோய் உள்ளவர்களும் மருத்துவரிடம் கேட்டுத் தொடங்க வேண்டும். 2021 ஆகஸ்ட் 5-இல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்க வீட்டுக்கே ஆள் வருகிறார்கள். அவர்களிடம் கூச்சமில்லாமல் கேளுங்கள்.

வீட்டில் ஒருவர் முதல் அடி வைத்தால்

உடற்பயிற்சி பிடிக்காதவர்களைத் திருத்துவது நம் வேலை அல்ல. அவர்களுக்குப் பிடிக்காமல் இருப்பதற்கு உரிமை உண்டு. நோயில்லாமல் வாழவும் உரிமை உண்டு. இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி இருக்கிறது: பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் நடந்துவிடும்படி நாளை அமைத்துக்கொள்வது. பிடிப்பு பின்னால் வரும். சிலருக்கு வராமலே போகலாம். அப்போதும் நடந்த நடையின் பலன் குறையாது.

உங்கள் வீட்டில் ஒருவருக்குச் சர்க்கரை இருக்கிறது, ரத்த அழுத்தம் இருக்கிறது, அவர் நடப்பதில்லை என்றால், அவரிடம் இனிமேல் காரணங்களைச் சொல்ல வேண்டாம். அவருக்கு அவை மனப்பாடம். இன்று சாயங்காலம் ஆறு மணிக்கு உங்கள் செருப்பை முதலில் மாட்டிக்கொள்ளுங்கள். “நடங்க” என்று சொல்லாமல் “வாங்க, போய்ட்டு வந்துடலாம்” என்று சொல்லுங்கள். நாளைக்கும் அதே நேரம், அதே தெரு என்று அவரிடமே கேட்டு முடிவு செய்யுங்கள். அடுத்த வாரம் பக்கத்து வீட்டுக்காரரையும் கூப்பிடுங்கள். பத்துப் பேர் சேர்ந்தபின் பேரூராட்சி அலுவலகத்துக்குப் போய் விளக்கும் பாதையும் கேளுங்கள்.